முட்டையே வாங்காத வீட்டில் டைஃபாய்டு எப்படி வந்தது?

செம்பூர் வாசகி:
வணக்கம். விடாத காய்ச்சலில் இருந்த என் மகளுக்கு ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) டைஃபாய்டுக் கிருமியான சால்மொனெல்லா டைஃபி என்று முடிவு வந்திருக்கிறது. இணையத்தில் சால்மொனெல்லா என்று தேடினால் முட்டையும் கோழியுமே வருகின்றன. நாங்கள் சைவம், குடிப்பதும் காய்ச்சிய நீர்தான். பிறகு எங்கிருந்து தொற்றியிருக்கும்?

ஆய்வகப் பணியாளர், சயான்:
ரத்தத்தில் எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விடால் சோதனையோடு நிறுத்தாமல் கல்ச்சர் வரை போனது நல்லது. விடால் பல நேரங்களில் தவறான முடிவைக் காட்டும். சால்மொனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. முட்டையிலும் கோழியிலும் பேசப்படும் என்டெரிடிடிஸ், டைஃபிமியூரியம் ஆகியவை விலங்குகளிடமும் வாழ்பவை. பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு அடங்கிவிடும். டைஃபி அப்படியல்ல, அதற்கு மனித உடல் ஒன்றே இருப்பிடம். ஆகவே நோயாளி ஒருவரின், அல்லது நோய்க்குறியே இல்லாமல் கிருமியைச் சுமப்பவர் ஒருவரின் மலத்திலிருந்து நீரிலோ உணவிலோ கலந்துதான் உங்கள் மகளை எட்டியிருக்க வேண்டும். காய்ச்சல் தொடங்கப் பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும் என்பதால், முந்தின நாள் சாப்பாட்டைச் சந்தேகிப்பதில் பயனில்லை.

மாட்டுங்காக்காரர்:
மும்பையில் பெரும்பாலான பகுதிகளுக்குக் குழாய்நீர் சில மணி நேரமே வருகிறது. நீர் நின்று அழுத்தம் குறையும்போது, விரிசல் விட்ட இணைப்புகள் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசியக்கூடும். வீட்டில் காய்ச்சிக் குடிக்கிறீர்கள், சரி. ஸ்டேஷன் வாசலில் சாண்ட்விச்சுக்குத் தடவும் பச்சைச் சட்னியை யார் காய்ச்சுகிறார்கள்? கொத்தமல்லியைக் குழாய்நீரில் அலசி, அதே நீரை ஊற்றி அரைக்கிறார்கள். பானிபூரித் தண்ணீரும் கரும்புச்சாற்று ஐஸும் அப்படித்தான். உறைவதால் இந்தக் கிருமி செத்துவிடாது.

செம்பூர் வாசகி:
கல்லூரி விட்டு வரும்போது அந்தச் சாண்ட்விச் அவளுக்கு வழக்கம்தான். காய்ச்சல் நின்றபின் வீட்டில் மற்றவர்களுக்கு ஆபத்து உண்டா?

ஆய்வகப் பணியாளர், சயான்:
உண்டு. காய்ச்சல் நின்றாலும் மருந்தை முழுவதும் முடிக்க வேண்டும். குணமானவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை பித்தப்பையில் கிருமி தங்கி, நெடுங்காலம் அதை வெளியேற்றக்கூடும். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் அத்தகையவர்: 1907இல் கண்டறியப்பட்டார், விடுவிக்கப்பட்டபின் பெயரை மாற்றிக்கொண்டு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்து 1915இல் மீண்டும் பிடிபட்டார், 1938இல் தனிமைக் காவலிலேயே இறந்தார். எனவே மகள் சிறிது காலம் சமையலறைப் பக்கம் வராதிருக்கட்டும். மலப் பரிசோதனை எப்போது தேவை என்று மருத்துவரிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கு டைஃபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி (கிருமியின் மேலுறைச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்தது) உண்டு. நவி மும்பை மாநகராட்சி 2018இல் 9 மாதம் முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கியது. ஆனால் ஏற்கெனவே உடலில் புகுந்துவிட்ட கிருமியை இந்த ஊசி தடுக்காது. யாருக்காவது காய்ச்சல் கண்டால் உடனே கல்ச்சருக்குக் கொடுங்கள்.