ரூகர் ஜிபி100 ரிவால்வருக்கு எந்த முன்குறி: ஒளியிழையா, கருப்பா?

ஆறறை (டெக்சாஸ்):
என்னிடம் இருப்பது ரூகர் ஜிபி100, .357 மேக்னம், 4.2 அங்குலக் குழல். அதனுடன் வந்த முன்குறி (குழலின் முனையில் குறிபார்க்க நிற்கும் தகடு) வெறும் கருப்புச் சாய்வு. எனக்கு வயது 54. கருப்பு வட்டம் அச்சிட்ட இலக்குத் தாளைப் பார்த்துக் குறி வைத்தால், முன்குறி எங்கே முடிகிறது, வட்டம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். எதை வாங்குவது, வீட்டிலேயே மாட்டலாமா என்று சொல்லுங்கள். வார இறுதியில் சுடுதளம், அவ்வப்போது இரும்புத் தகடு போட்டி, அவ்வளவுதான் என் பயன்பாடு. இடுப்பில் அணிவதில்லை.

அரிசோனா வெயில்:
பச்சை ஒளியிழை, அதாவது சுற்றுவெளிச்சத்தை வாங்கி முனையில் புள்ளியாக ஒளிரும் இழை வைத்த குறி. யோசிக்கவே வேண்டாம். ஹைவிஸ் நிறுவனம் ஜிபி100-க்கென்றே தயாரிக்கிறது. பகலில் மனிதக் கண் அதிகமாக உணர்வது பச்சையைத்தான். அதனால் சிவப்பைவிடப் பச்சை பளிச்சென்று தெரியும். இரும்புத் தகட்டுப் போட்டியில் முன்குறியைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, அதுவாகவே கண்ணில் விழ வேண்டும்.

கருங்குறி:
தகட்டுக்குச் சரி, தாளுக்குச் சரியில்லை. ஒளியிழையை வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதே இல்லை. நாம் குறி வைப்பது முன்குறியின் மேல் விளிம்பைக் கொண்டு. அந்த விளிம்பு பின்குறிக் காடியின் (கண்ணுக்கு அருகிலுள்ள குறியில் இருக்கும் பிளவின்) மேல் விளிம்போடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒளிரும் புள்ளி இருப்பதோ விளிம்புக்குக் கீழே. கண் புள்ளியைப் பிடித்துக்கொண்டதும் கை தானாகப் புள்ளியை மட்டத்துக்குத் தூக்கிவிடும். புள்ளியின் மையம் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே இருந்தாலும் 25 கஜத்தில் குண்டு ஏறக்குறைய ஆறு அங்குலம் மேலே போகும். பிறகு துப்பாக்கியைக் குறை சொல்வார்கள். வெயிலில் புள்ளி ஊதிப் பெரிதாகத் தெரிவது வேறு.

என்னைக் கேட்டால் நேரான, சதுரமான கருப்புக் குறி. இ. இ. பாட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்த வடிவம். இன்றும் அவர் பெயரால்தான் விற்கிறார்கள். உங்களிடம் உள்ள சாய்வு வடிவம், உறையிலிருந்து உருவும்போது சிக்காமல் இருக்க வேண்டியவர்களுக்கானது. நீங்கள் உறையே அணிவதில்லை. சாய்ந்த முகத்தில் மேலிருந்து வெளிச்சம் விழுந்து சாம்பல் பூக்கும். நேரான முகம் நிழலிலேயே நிற்கும், கருப்பு கருப்பாகவே இருக்கும்.

அரிசோனா வெயில்:
கருப்பு வட்டத்தின் மேல் கருப்புக் குறி தெரியவில்லை என்பதுதான் அவருடைய குறை. அதற்கு நீங்கள் சொல்லும் மருந்து இன்னும் கருப்பான குறி! 54 வயதுக் கண்ணை வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படித்துப் பாருங்கள்.

கருங்குறி:
நானும் ஐம்பதைத் தாண்டியவன்தான், ஐயா. வட்டத்தின் நடுவில் குறி வைப்பதால் வரும் தொல்லை அது. வட்டத்தின் அடி விளிம்பில், வெள்ளைத் தாளை ஒட்டிக் குறி வைக்கட்டும். தாள் சுடுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது அதுதான். மீதிக் குறையைத் தீர்க்க வேண்டியது கண்ணாடி. தூரப் பார்வைக்கான அளவோடு அரை அல்லது முக்கால் டயாப்டர் (கண்ணாடியின் பவர் அளவு) கூட்டிச் சுடுதளத்துக்கென்று ஒரு கண்ணாடி செய்துகொண்டால் முன்குறியின் விளிம்பு கத்திபோல் தெரியும். மங்கலான கண்ணுக்குப் பச்சைப் புள்ளியும் மங்கலான பச்சைப் புள்ளிதான்.

அரம்:
இரண்டு பேரும் நிறத்தைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். உயரத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. ஆறறை, எந்தத் தோட்டா சுடுகிறீர்கள்? இப்போது குண்டு எங்கே விழுகிறது? பின்குறி எந்த அளவில் நிற்கிறது?

ஆறறை:
பெரும்பாலும் .38 ஸ்பெஷல் (.357-இல் இதையும் சுடலாம்), குண்டின் எடை 125 கிரெயின். 25 கஜத்தில் மூன்று அங்குலம் கீழே விழுகிறது. பின்குறியை ஏறக்குறைய முழுவதும் ஏற்றிவிட்டேன்.

அரம்:
பார்த்தீர்களா, கதையே இங்கேதான் இருக்கிறது. ரிவால்வரில் எடை குறைந்த, வேகமான குண்டு பொதுவாகத் தாழ்ந்து விழும். குண்டு குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கி உதைத்து மேலே எழத் தொடங்கிவிடுகிறது. கனமான, மெதுவான குண்டு அதிக நேரம் உள்ளே இருப்பதால் உயர்ந்த முனையோடு வெளியேறும், லேசானது அதற்கு முன்பே போய்விடும். ஆகவே முதலில் 158 கிரெயின் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள்.

அப்போதும் கீழேயே விழுந்தால் உங்களுக்குத் தேவை தாழ்ந்த முன்குறி. முன்குறி உயர்ந்தால் குண்டு தாழும், தாழ்ந்தால் குண்டு ஏறும். பின்குறிக்கு இதற்கு நேர்மாறு. கணக்கு எளிது: இலக்கில் உள்ள பிழையை இரு குறிகளுக்கும் இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். குறிகளுக்கு இடையே 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம் (அளந்து பாருங்கள்). 25 கஜம் என்பது 900 அங்குலம். 3-ஐ 6-ஆல் பெருக்கி 900-ஆல் வகுத்தால் 0.02 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். நிறத்தைப் பார்த்து இப்போதிருப்பதைவிட உயரமான ஒன்றை வாங்கி மாட்டினால் பளிச்சென்று தெரியும் குறியோடு இன்னும் கீழே சுடுவீர்கள். வாங்குமுன் பழைய குறியின் உயரத்தை வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஓஹாயோ 686:
தங்க மணி வைத்த குறியை ஏன் யாரும் சொல்லவில்லை? கருப்பின் மேலும் தெரியும், வெள்ளையின் மேலும் தெரியும். 1930-களில் ரிவால்வரை மின்னல் வேகத்தில் சுட்டுக் காட்டிய மொன்டானாக்காரர் எட் மெக்கிவர்ன் பெயரிலேயே அப்படி ஒரு குறி இருக்கிறது.

கருங்குறி:
மணியின் முகம் தட்டையாக இருந்தால் நல்லது. உருண்டை மணியை வாங்கிவிடாதீர்கள். வெயில் வலப்பக்கம் அடித்தால் மணியின் வலப்பக்கம் மட்டும் மின்னும். அந்த மினுக்கத்தை நடுவில் வைத்துச் சுட்டால் குண்டு இடப்பக்கம் போகும்.

கோவைக்காரர்:
ஒரு சந்தேகம். இந்தியாவில் உரிமத்துடன் வைத்திருக்கும் .32 ரிவால்வருக்கு இதை நாமே செய்துகொள்ளலாமா?

அரம்:
கை வைக்காதீர்கள், தம்பி. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 5, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்குள் கொண்டுவருகிறது. அந்த உரிமம் உள்ள கடையில் கொடுத்துச் செய்யுங்கள். நாங்கள் பேசுவது அமெரிக்க நடைமுறை.

நிதானம்:
அமெரிக்காவிலும் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுப்பதே மேல். சுத்தியலோடு வீட்டில் உட்கார்ந்தவர்கள் கெடுத்த குழல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரம்:
ஜிபி100-க்குச் சுத்தியலே வேண்டாம். குழலின் முனைப் பக்கம், குறியின் அடிப்பீடத்தில் சிறு துளை தெரியும். உள்ளே சுருள்வில் வைத்த ஒரு சிறு ஆணி. தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, சிலிண்டர் காலி என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, மெல்லிய இரும்புக் குச்சியால் அந்த ஆணியை உள்ளே அழுத்திக்கொண்டே குறியைத் தூக்கினால் வந்துவிடும். கரியும் ஈயத் துகளும் சேர்ந்து ஆணி இறுகியிருந்தால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். புதியது இறுக்கமாக இருந்தால் குறியின் அடியைத்தான் அராவ வேண்டும், குழலின் காடியை ஒருபோதும் தொடக் கூடாது. குறி கெட்டால் இன்னொன்று வாங்கலாம், குழலுக்கு எங்கே போவது? உட்கார்ந்தபின் விரலால் ஆட்டிப் பாருங்கள். மேக்னம் உதைக்கு ஆட்டம் உள்ள குறி பறந்துவிடும். கம்மியர் என்ற பலகை மாட்டியிருப்பதாலேயே கைப்பக்குவம் வந்துவிடாது; என்னுடைய இன்னொரு ரிவால்வரின் குழலில் உள்ள தழும்பு ஒரு கடையில் வாங்கி வந்ததுதான்.

ஓஹாயோ 686:
அது ரூகர் வைத்திருப்பவர்களுக்கு. என் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் குறி குறுக்கு ஆணியால் பூட்டப்பட்டிருக்கிறது. பல மாற்றுக் குறிகள் துளை இல்லாமலே வரும். பழைய ஆணியைத் தட்டி எடுத்து, புதிய தகட்டைக் காடியில் இறுக்கமாக உட்காரவைத்து, பீடத்தின் துளை வழியாகவே தகட்டில் அடையாளமிட்டுத் துளைக்க வேண்டும். துளை ஒரு முடி மேலேயோ கீழேயோ போனால் தகடு ஆடும், அல்லது ஆணி ஏறாது. தட்டும்போது குழலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கையின் மேல் பாரம் விழுந்தால் வேறு தொல்லை. இதற்கு நிதானம் சொன்னதுதான் சரி. பழைய மாதிரிகள் சிலவற்றில் குறி குழலோடு ஒரே இரும்பு. அவற்றைக் கடைசல் பட்டறை இல்லாமல் மாற்றவே முடியாது.

நிதானம்:
நான் சொன்னதும் அதுதானே. எந்தப் பூட்டு என்று தெரியாதவர் கம்மியரிடம் போகட்டும்.

அரிசோனா வெயில்:
ஆறறைக்கு எந்தப் பூட்டு என்று தெரிந்துவிட்டது. டிரிட்டியம் (இருட்டில் தானாக ஒளிரும் குறிகளில் உள்ள கதிரியக்க வாயு) பக்கம் மட்டும் போகாதீர்கள். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு, பகலில் அதன் ஒளி தெரியவே தெரியாது. இரவில் சுடாதவருக்கு வீண் செலவு.

அரம்:
வாங்குமுன் செலவில்லாத ஒரு வழி. பழைய குறியின் முகத்தை ஆல்கஹாலில் துடைத்து, வெள்ளை நகப்பூச்சு ஒரு கை, அதன் மேல் ஒளிரும் ஆரஞ்சு ஒரு கை. மேல் விளிம்பு வரை பூசுங்கள். கருங்குறி சொன்ன புள்ளித் தொல்லை வராது. பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிடலாம். 158 கிரெயினிலும் தாழ்ந்தால் அதே குறியின் மேல் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவி, அவ்வப்போது சுட்டுப் பாருங்கள். அராவியதை ஒட்ட முடியாது.

கருங்குறி:
ஆரஞ்சுப் பூச்சா! தாள் சுடுகிறவருக்கு நகப்பூச்சு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

ஆறறை:
158 கிரெயின் இரண்டு பெட்டி வாங்கிவிட்டேன். குறிகளுக்கு இடையிலான நீளத்தையும் அளந்துகொள்கிறேன். நகப்பூச்சு வீட்டிலேயே இருக்கிறது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கண் மருத்துவரிடமும் நேரம் கேட்டிருக்கிறேன். துப்பாக்கியை எடுத்துப் போய்க் காட்ட வேண்டுமா?

கருங்குறி:
ஐயையோ, வேண்டாம். கையை நீட்டிப் பிடித்துக் கண்ணிலிருந்து முன்குறிவரை எத்தனை அங்குலம் என்று வீட்டிலேயே அளந்து, அந்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.