400 டாலர் மடக்குக் கத்தி: பிளேடு நடுவில் நிற்காவிட்டால் திருப்பி அனுப்பலாமா?

கூர்நோக்கி: கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா கத்தியின் விலைக்கு (400 டாலருக்கு மேல்) விற்கிற மடக்குக் கத்தி, பெட்டியைத் திறந்ததுமே குறையில்லாமல் இருக்கணும் என்பது என் கட்சி. மடக்கினால் பிளேடு பிடியின் இரண்டு தகட்டுக்கும் நட்டநடுவே நிற்கணும். கூரின் சரிவு இருபுறமும் ஒரே அகலத்தில் ஓடணும். விரித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் திருப்பி அனுப்புவேன். "கைவேலைங்க, அப்படித்தான் இருக்கும்" என்ற சமாதானம் இங்கே எடுபடாது, பெரும்பாலும் சி.என்.சி.யில் (கணினி இயக்கும் எந்திரத்தில்) கடைவதுதானே.

சாணைக்கல்: மூன்றையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ஆட்டம் குறைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வகைக் கத்தியின் ஃப்ரேம் லாக் பூட்டில் டைட்டானியப் பிடியின் ஒரு பக்கமே வில்லாக வளைந்து பூட்டாகிறது. மடக்கிய நிலையிலும் அந்த வில், தன்னில் பதித்த சிறு குண்டு வழியாக பிளேடை எதிர்ப்பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம்தான் சட்டைப்பையில் கத்தி தானாகத் திறக்காமல் தடுக்கிறது. எனவே பக்கத்துக்கு 0.5 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 0.6, 0.4 என்று விழுந்தால் அது குறையில்லை. தகட்டில் உரசினால் சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம்.

கூர்நோக்கி: அந்தத் தள்ளலைக் கணக்கில் எடுத்துக் கடைவதற்குத்தானே அவ்வளவு காசு? பெரிய செபென்சாவின் பிவட்டில் (பிளேடு சுழலும் அச்சில்) ஒரு புஷ், அதாவது சிறு உலோகக் குழாய், இருக்கிறது. அதன் நீளம் பிளேடும் இரண்டு பாஸ்பர் பிரான்ஸ் (வெண்கல வகை) வாஷரும் சேர்ந்த தடிமனுக்குப் பொருந்தும்படி இருக்கும். திருகை முழுக்க முடுக்கினாலும் பிளேடு இறுகாது, ஆடவும் செய்யாது. புஷ் இல்லாத கத்தியில் திருகைக் கொஞ்சம் முடுக்கினால் இறுகும், தளர்த்தினால் ஆடும். இந்த வித்தியாசத்துக்குத்தான் விலை.

திருகாணி: இருவரும் பூட்டின் முகத்தை, அதாவது பிளேடைத் தொடும் நுனியை, விட்டுவிட்டீர்கள். புதுக் கத்தியை விரித்தால் பூட்டு, பிளேடின் அடிப்பகுதித் தடிமனில் பொதுவாக 30 முதல் 50 சதவீதம் வரை ஏறி நிற்பது நல்லது. முதல் நாளே 80 என்றால் தேய்மானத்துக்கு இடம் குறைவு. 10 என்றால் அழுத்தும்போது நழுவலாம். அடுத்து, பூட்டு ஒட்டிக்கொண்டு விடுவிக்க மறுப்பது. மெத்தென்ற டைட்டானியம் கடின எஃகில் உரசிப் பிய்வதால் வருவது இது. பென்சில் கரியைத் தேய்த்தால் சில நாள் தாங்கும். நல்ல தயாரிப்பாளர் பூட்டின் முகத்தில் கார்பைடு ஏற்றுவார், அல்லது எஃகுத் துண்டு பதிப்பார். செபென்சா 31 மாடலில் அந்த இடத்தில் செராமிக் குண்டு இருக்கிறது.

சாணைக்கல்: நல்ல விளக்கம். ஆனால் கத்தி வாங்குவது வெட்டத்தானே? அதை யாரும் அளப்பதில்லை. கூர்ச் சரிவு தொடங்கும் இடத்தில் பிளேடின் தடிமனை வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். 0.4 முதல் 0.5 மி.மீ. என்றால் கேரட்டில் வழுக்கிக்கொண்டு இறங்கும். 0.8 என்றால் ஆப்பு மாதிரி பிளக்கும். பிரான்சின் ஒப்பினெல் எண் 8, ஈரத்தில் மரப்பிடி உப்பி இறுகிக்கொள்ளும் மலிவுக் கத்தி. மெல்லிய பிளேடு என்பதால், வெட்டில் பல 400 டாலர் கத்திகளை அது தோற்கடிக்கும்.

எஃகின் பெயரும் அப்படித்தான். 'மேக்னாகட்' என்று பொறித்தால் போதுமா? 60 ராக்வெல்லில் (எஃகின் கடினத்தைச் சொல்லும் அளவு) பதம் வைத்ததும் 63-இல் வைத்ததும் ஒன்றல்ல. விற்பவரிடம் அந்த ராக்வெல் எண்ணைக் கேளுங்கள்.

கூர்நோக்கி: பிளேடின் தடிமன் வடிவமைப்பாளரின் விருப்பம், தரக்குறை ஆகாது. ஒரு பக்கம் 17 டிகிரி, மறுபக்கம் 22 என்று தீட்டியிருந்தால் அதுதான் தரக்குறை. அதையும் குறையில்லை என்பீர்களா?

சாணைக்கல்: அதற்குக் கல்லும் அரை மணி நேரமும் போதும். ஆலையில் பெல்ட்டில் உலர்வாகத் தீட்டும்போது கூர்முனை சூடேறிப் பதம் போவது இதைவிட மோசம், பார்த்தாலும் தெரியாது. புதுக் கத்தி அட்டைப்பெட்டி வெட்டியே சீக்கிரம் மழுங்கினால், கெட்ட எஃகு என்று முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் விட்டுக் கல்லில் இரண்டு மூன்று முறை தீட்டி, பிசிறை எடுத்த பிறகு மறுபடி பாருங்கள்.

திருகாணி: தீட்டினால் திருப்பி அனுப்ப முடியாதே, அண்ணே! முதலில் பூட்டு, ஆட்டம், உரசல், சரிவின் அகலம் நான்கையும் பார்க்கணும். அதுவரை திருகிலும் கை வைக்கக் கூடாது. தளராமலிருக்க நீலப் பிசின் தடவிய டி6 திருகை (நட்சத்திரக் குழியுள்ள சிறு திருகு) சூடுகாட்டாமல் திருகினால் தலை மொட்டையாகலாம். கழற்றியது தெரிந்தாலே உத்தரவாதம் இல்லை என்று கைவிரிப்பவர்களும் உண்டு.

கூர்நோக்கி: நான்காவதைச் சேர்த்தீர்களே, அது போதும் எனக்கு.