மெல்டே சோதனை: கவையருகே கணு தள்ளி விழும் தூரத்துக்கு என்ன பெயர்?

மெல்டே சோதனையில் இழையின் ஒரு முனையை அதிரும் இசைக்கவையின் புயத்தில் கட்டி, மறுமுனையைக் கப்பியின் மேல் செலுத்தி எடை தொங்கவிடுகிறோம்; இழையில் நிலையலை உண்டாகிறது. அதில் அசையாத புள்ளி கணு, மிகுதியாக ஆடும் புள்ளி எதிர்க்கணு. இதற்கான தமிழ்ச் சொற்கள் பற்றிய உரையாடல் இது.

> இழையின் முனைகளுக்கு 'நிலைத்த முனை', 'கட்டற்ற முனை' என்ற இரண்டு சொற்களே போதும். இசைக்கவையில் கட்டிய முனையை நிலைத்த முனை என்றே எழுதலாம்.

போதாது ஐயா. நிலைத்த முனையில் இடப்பெயர்ச்சி சுழி. மோதித் திரும்பும் அலை தலைகீழாகிறது, அங்கே கணு. கட்டற்ற முனையில் சரிவு சுழி. அலை புரளாமல் திரும்புகிறது, அங்கே எதிர்க்கணு. கவையில் கட்டிய முனையோ புயத்தோடு சேர்ந்து ஆடுகிறது. ஆடும் புள்ளி கணுவாக இருக்க முடியாது. கணு அதற்குச் சற்றுத் தள்ளித்தான் அமையும்.

எவ்வளவு தள்ளி? முனையின் வீச்சு 1 மி.மீ., எதிர்க்கணுவின் வீச்சு 20 மி.மீ., அலைநீளம் 40 செ.மீ. என்று கொள்வோம். அலைநீளத்தை 2π-ஆல் வகுத்து 1/20-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3 மி.மீ. வருகிறது. கணு முதல் கணு வரையுள்ள ஒரு கண்ணி 20 செ.மீ.; அதில் இது 1.6 விழுக்காடு. முனையையே கணு என்று கொண்டு அளந்தால் அலையின் வேகத்தில் அதே பிழை. ஓரலகு நீளத்தின் நிறையைக் கணக்கிடும்போது வேகம் இருமடியாக வருவதால் பிழை 3 விழுக்காட்டைத் தாண்டும். முதல் கண்ணியையும் கடைசிக் கண்ணியையும் விட்டு, நடுக்கண்ணிகளை மட்டும் அளக்கச் சொல்வது இதனால்தான். கப்பிப் பக்கமும் இழை சக்கரத்தைத் தழுவிச் செல்வதால், கணு எந்தப் புள்ளியில் என்று உறுதியாகக் குறிக்க முடியாது.

எனவே மூன்றாவது வகை முனைக்கு 'இயக்குமுனை' என்பதை முன்வைக்கிறேன். 'கவைமுனை' வேண்டாம்; கவைக்குப் பதில் மின் அதிர்வி பூட்டினால் சொல் பொருந்தாது. மேலும், 'கவைமுனை' என்றால் புயத்தின் நுனி என்றும் புரிந்துகொள்வார்கள்.

> அந்த 3 மி.மீ.-க்கு 'முனைத்திருத்தம்' இருக்கிறதே?

அது காற்றுத்தம்பத்துக்கு உரியது. அங்கே எதிர்க்கணு எப்போதும் குழாய் வாய்க்கு வெளியே, ஆரத்தைப் போல் ஏறத்தாழ 0.6 மடங்கு தள்ளி விழும். ஆகவே நீளத்தோடு கூட்டுகிறோம். இங்கே இழுவிசையைப் பொறுத்துக் கணு இழைக்குள்ளும் விழலாம், கவைக்கு அப்பாலும் விழலாம். கூட்டலா கழித்தலா என்பது மாறும். ஒரே பெயர் வைத்தால் மாணவர் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவிடுவார். 'கணுத்தொலைவு' என்றால் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட தூரமாகத் தோன்றும். 'முனைக்கணு இடைவெளி' நீளம்தான், ஆனால் ஐயத்துக்கு இடமில்லை.

---

'இயக்குமுனை', 'முனைக்கணு இடைவெளி' ஆகிய இரண்டு சொற்களையும் ஏற்கிறேன். ஒரு வரம்பு மட்டும் சேர்க்க வேண்டும். புயம் இழைக்குக் குறுக்கே ஆடும் அமைப்புக்குத்தான் இந்த இடைவெளி உண்டு. புயம் இழையின் திசையிலேயே ஆடும் நெட்டமைப்பில் முனை பக்கவாட்டில் அசைவதில்லை; அங்கே கணு முனையிலேயே இருக்கும், இழையின் அதிர்வெண் கவையினுடையதில் பாதி. அந்த முனையும் இயக்குமுனைதான், இடைவெளி சுழி.

பதிவுக்கு: முனைக்கணு இடைவெளி – இயக்குமுனைக்கும் அதை அடுத்த கணுவுக்கும் உள்ள தூரம், கணு இழைக்குள் இருந்தால் நேர்க்குறி, இயக்குமுனைக்கு அப்பால் இருந்தால் எதிர்க்குறி.