பேஸ்பாலுக்குப் பசங்களைத் தேர்ந்தெடுக்க அளவு எடுக்கிறோம், எண்கள் ஒத்துவரலை

கேள்வி (அண்ணா நகர்):
கிரிக்கெட் ஆடுற 13, 14 வயசுப் பசங்க. 60 கஜ ஓட்டத்துல ஸ்டாப்வாட்ச் நேரம் ஆளுக்கு ஆள் மாறுது. எறியும் வேகத்தை ராடார் கன் குறைச்சே காட்டுது. எங்கே தப்பு?

பதில் (வேளச்சேரி):
60 கஜம்னா 54.86 மீட்டர். காலடியால அளக்காம டேப் பிடிங்க. விசிலுக்கு வாட்ச்சை அழுத்தாதீங்க, பையனோட முதல் அசைவுக்கு அழுத்துங்க. நேரம் எடுக்கிறவர் முடிவுக்கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் நிக்கணும். மூணு வாட்ச் வச்சு நடு நேரத்தை எழுதுங்க. ஆளுக்கு ரெண்டு ஓட்டம், இடையில 5 நிமிஷம் ஓய்வு. மே மாசம்னா காலை 7 மணிக்குள்ள முடிச்சிடுங்க. வெயில் ஏறின பிறகு ஓடுறவனுக்கு அது அநியாயம்.

பதில் (தாம்பரம்):
ராடார் பந்து போற கோட்டுக்கு நேர்ல இருக்கணும், வலைக்குப் பின்னால. 20 டிகிரி விலகினாலே 100 கிமீ வேகம் 94னு காட்டும். இன்னொண்ணு, கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், பேஸ்பால் 142 முதல் 149 தான். ரெண்டுலயும் எடுத்த வேகத்தை ஒரே பட்டியல்ல சேர்க்காதீங்க.

பதில் (பெரம்பூர்):
பிறந்த மாசம், உயரம் ரெண்டையும் கட்டாயம் குறிங்க. சீக்கிரம் வளர்ந்த பையன் இப்போ எல்லாத்துலயும் முந்துவான். சின்ன உடம்புக்காரனைக் கழிச்சிடாம ஆறு மாசம் கழிச்சு மறுபடி அளங்க.