பள்ளி ஆற்றுப்படுத்துநர் வேலை: படிப்பு, முதல் அமர்வு, ரகசியம் பற்றிச் சில கேள்விகள்

வைகைக்கரை:
வணக்கம். பி.எட். முடித்து 9, 10-ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். முழுநேர ஆற்றுப்படுத்துநராக (கவுன்சலராக) மாற விருப்பம். வழிகாட்டலும் கவுன்சலிங்கும் ஒன்றா? உளவியலில் முதுகலையைத் தொலைநிலையில் படித்தால் போதுமா? பிள்ளை எதிரில் வந்து உட்கார்ந்ததும் என்னதான் செய்ய வேண்டும்? "நன்றாகக் கேளுங்கள்" என்கிறார்கள், எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்வதில்லை.

கிணற்றடி:
இரண்டும் ஒன்றல்ல, ஆனால் பள்ளியில் இரண்டையும் ஒரே ஆள்தான் பார்க்க வேண்டியிருக்கும். நம் ஊர்ப் பெற்றோருக்குக் கவுன்சலிங் என்றால் பொறியியல் கல்லூரியில் இடம் ஒதுக்குவதுதான் நினைவுக்கு வரும். அதனால் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே உங்கள் வேலை என்ன என்று விளக்கிவிடுங்கள்.

வழிகாட்டலில் பிள்ளைக்குத் தகவல் தேவை. 1908-இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டு நிலையம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ் வகுத்த முறைதான் இன்றும் அதன் முதுகெலும்பு: தன்னை அறிவது, தொழில்களை அறிவது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. பத்தாம் வகுப்பு முடித்தவர் கணிதம்-உயிரியல் எடுத்தால் நீட், பொறியியல் இரண்டுக்கும் வழி இருக்கும், பாடச்சுமை கூடும். கணிதம் இல்லாத தூய அறிவியல் எடுத்தால் பொறியியல் ஏறக்குறைய கைவிட்டுப் போகும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இதையெல்லாம் ஒரே தாளில் எழுதி, மதிப்பெண், விருப்பம், வீட்டுப் பணநிலை மூன்றையும் பக்கத்தில் குறித்து, பிள்ளையே பேனா பிடித்து அடித்துத் திருத்தும்படி விடுங்கள். திறனறித் தேர்வு வைத்தால் அதன் அளவுகோல் எந்த நாட்டு, எந்த வயதுப் பிள்ளைகளை வைத்துப் போடப்பட்டது என்று கட்டாயம் பாருங்கள். ஆங்கிலத் தேர்வை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் அது பெரும்பாலும் பிள்ளையின் மொழியறிவைத்தான் அளக்கும்.

இதே பேச்சுக்கு நடுவில் பிள்ளை, "எந்த குரூப் எடுத்தாலும் அப்பா அடிக்கத்தான் போறார்" என்று சொல்லலாம். அந்த நொடியில் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட வேண்டும், அங்கே கவுன்சலிங் தொடங்கிவிட்டது. அதைக் கவனிக்காமல் "சரி, பி.இ.யா டிப்ளமோவா?" என்று தொடர்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

மழைக்காகிதம்:
முதல் அமர்வு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நடுவில் மேசை வேண்டாம். இரண்டு நாற்காலியும் ஒரே உயரத்தில், நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக, நாலடி இடைவெளியில் இருக்கட்டும். பிள்ளை நினைத்தால் எழுந்து போகும்படி கதவுப் பக்கம் தடையில்லாமல் வையுங்கள். சுவர்க் கடிகாரத்தை பிள்ளையின் தலைக்குப் பின்னால் மாட்டினால் நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்காமலே நேரம் தெரியும். பேச்சு வெளியே கேட்கக் கூடாது. ஆனால் ஆள் இருப்பது தெரிய கதவில் சிறு கண்ணாடி இருப்பது இருவருக்குமே பாதுகாப்பு. பள்ளியில் ஒரு பீரியட், அதாவது 40 நிமிடம் போதும்.

தொடங்கும்போதே ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றது இந்த ரூமோட இருக்கும். உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, உன்னை யாராவது தப்பா தொட்டாங்கன்னா மட்டும் நான் சிலபேர்கிட்ட சொல்லியாகணும். அப்பவும் முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." எல்லாம் கேட்டு முடித்த பிறகு இதைச் சொன்னால் பிள்ளை ஏமாற்றப்பட்டதாக நினைக்கும். திரும்ப வராது.

நீங்கள் கேட்ட "எப்படி" இதுதான். "ஏன்" என்ற சொல்லைக் கூடியவரை தவிருங்கள். நம் பேச்சில் "ஏன் பண்ணினே?" என்பது கேள்வியாக ஒலிக்காது, அதட்டலாக ஒலிக்கும். பிள்ளை உடனே காரணம் தேடித் தன்னைக் காக்கப் பார்க்கும். "அப்போ என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் கதை வரும். பிள்ளை சொன்னதை உணர்ச்சியோடு சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். "எல்லார் முன்னாடியும் பேப்பரைத் தூக்கிப் போட்டாங்க" என்றால், "அத்தனை பேர் பார்க்க... அவமானமா இருந்திருக்கும்" என்பதோடு நிறுத்துங்கள். தவறாகப் புரிந்திருந்தால், "அவமானம் இல்ல மிஸ், கோவம்" என்று பிள்ளையே திருத்தும். அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு வேண்டியது. மௌனம் வந்தால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள், இடத்தை நிரப்பாதீர்கள். "எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதே" என்று சொன்னால், இனிப் பேச வேண்டாம் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் புதுப் பேச்சு எடுக்காதீர்கள். அழுத முகத்தோடு வகுப்புக்கு அனுப்பாமல், தண்ணீர் கொடுத்து, அடுத்து எப்போது சந்திப்பது என்று முடிவுசெய்து அனுப்புங்கள். குறிப்பை அன்றே எழுதுங்கள்: தேதி, பிள்ளை சொன்ன சொற்கள், நீங்கள் பார்த்தது, அடுத்த நடவடிக்கை. "சோம்பேறி", "பொய் சொல்கிறாள்" போன்ற தீர்ப்புகள் அதில் வரவே கூடாது.

செந்நெல்:
படிப்பு பற்றி. உளவியலைத் தொலைநிலை, ஆன்லைன் முறைகளில் நடத்த 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தடை விதித்திருக்கிறது. 2021-இன் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின்கீழ் உளவியல் வருவதால் இந்த முடிவு. ஆகவே நேரடி வகுப்பில் சேருங்கள். உங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்சிஇஆர்டியின் வழிகாட்டல்-ஆலோசனை டிப்ளமோ நல்ல வழி: ஓராண்டு, அதில் 6 மாதம் தொலைநிலை, 3 மாதம் நேரடிப் பயிற்சி, 3 மாதம் களப்பணி. நமக்கு மைசூர் மையம் பக்கம். எந்தப் படிப்பானாலும் மேற்பார்வையோடு கூடிய களப்பணி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மூன்று நாள் சான்றிதழ்ப் பயிற்சியை நம்பி அறை திறக்காதீர்கள், பாதிப்பு பிள்ளைகளுக்கு.

"கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆற்றுப்படுத்துநர் நோய்ப்பெயர் சூட்டவோ மாத்திரை பற்றிப் பேசவோ கூடாது. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால், யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பதாகச் சொன்னால், மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண், இரண்டும் அறையில் ஒட்டியிருக்கட்டும்.

இரண்டு இடத்தில் தயங்கவே கூடாது. ஒன்று, சாவைப் பற்றிய பேச்சு. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால், எப்படி என்று யோசித்திருக்கிறதா, பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா என்று கேளுங்கள். பிள்ளையைத் தனியே விடாமல் பெற்றோரை வரவழையுங்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைக்கச் சொல்லி, அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். இரண்டு, பாலியல் கொடுமை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தகவல் தருவது கட்டாயம். தராவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பள்ளியின் நல்ல பெயர், குடும்ப மானம் எதுவும் இதற்கு விலக்கல்ல. விசாரணை உங்கள் வேலையில்லை, துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதிவையுங்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. இன்னொன்று. டிப்ளமோ முடியும்வரை என் வகுப்புப் பிள்ளைகளுக்கே இதைச் செய்யலாமா? "அவள் என்ன சொன்னாள்?" என்று தலைமையாசிரியர் கேட்டால்?

மழைக்காகிதம்:
உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டாம். மதிப்பெண் போடும் கையிடம் யாரும் மனசு திறக்க மாட்டார்கள். திறந்தாலும் அடுத்த நாள் வகுப்பில் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசுவார்கள். குரூப் தேர்வு மாதிரி வழிகாட்டல் தாராளமாகச் செய்யுங்கள். மற்றதற்கு வேறு வகுப்புப் பிள்ளைகளை, மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பில் பாருங்கள்.

தலைமையாசிரியரிடம் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள், கதையைச் சொல்லாதீர்கள்: "சார், பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறாள். இரண்டு வாரம் கணக்கு வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைத்தால் உதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமை நான் மறுபடி பார்க்கிறேன்." இந்த ஏற்பாட்டைப் பணியில் சேரும் நாளிலேயே அவரிடம் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு கேட்டால் ஒளிப்பது போலத் தெரியும்.