0.5 எக்ஸ் ரெடியூசர் மாட்டினால் வேப்பமரம் தெரிகிறது, நிலா தெரியவில்லை (130 மி.மீ. நியூட்டோனியன்)

பாலக்கோடு_நிலா

வணக்கம். எங்கள் பள்ளியில் 130 மி.மீ. நியூட்டோனியன் (ஆடி வைத்த டெலஸ்கோப்) ஒன்று இருக்கிறது, குவியத்தூரம் 650 மி.மீ., அதை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் 5, அதாவது எஃப்/5. ஐபீஸில் ஒவ்வொருவராகப் பார்க்க வைத்தால் வரிசை முடிவதற்குள் நிலா மறைந்துவிடும் என்பதால் 1.25 இன்ச் கேமரா ஒன்றைச் சொருகி லேப்டாப்பில் காட்டுகிறோம். சென்சார் 4.8 × 3.6 மி.மீ. தான், அதனால் நிலா முழுதாகத் திரையில் அடங்குவதில்லை. "சார், மிச்ச நிலா எங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அதுவும் நியாயம்தானே.

சரி என்று பிம்பத்தைச் சுருக்கிக் காட்சியை விரிக்கும் 0.5 எக்ஸ் ஃபோகல் ரெடியூசர் லென்ஸ் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, கேமரா மூக்கின் (டெலஸ்கோப்பில் சொருகும் குட்டைக் குழாயின்) நுனியில் இருக்கும் ஃபில்டர் மரையில் மாட்டினேன். பகலில் மொட்டை மாடியிலிருந்து தெருமுனை வேப்பமரத்தைப் பார்த்தால் இலை இலையாகத் தெளிவாகத் தெரிகிறது, காட்சியும் விரிந்திருக்கிறது. இரவில் நிலாவுக்குத் திருப்பினால் வெறும் வெள்ளைப் பூசணிதான். போகஸர் (கேமராவைத் தாங்கி உள்ளேயும் வெளியேயும் நகரும் குழாய்) உள்ளே போகிற வரை குமிழைத் திருப்பியும் பயனில்லை. ரெடியூசரைக் கழற்றினால் நிலா உடனே தெளிந்துவிடுகிறது. விற்றவரைக் கேட்டால் "லென்ஸில் பழுது இல்லை, உங்கள் டெலஸ்கோப்தான் ஒத்துவரவில்லை" என்று முடித்துவிட்டார். பக்கத்து மரத்துக்கு ஒத்துவருவது நிலாவுக்கு மட்டும் எப்படி ஒத்துவராமல் போகும்?

அரூர் ஆந்தை

சார், 0.5 வர வேண்டும் என்றால் ரெடியூசருக்கும் சென்சாருக்கும் நடுவே 50 மி.மீ. இருக்கணும். நீங்கள் நேரடியாக மாட்டியதால் தூரம் குறைவாக இருக்கும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

தேன்கனிக்கோட்டை டீச்சர்

தம்பி, 50 மி.மீ. கணக்கு சரிதான். ஆனால் எக்ஸ்டென்ஷன் போட்டால் சாருக்கு இப்போது இருக்கும் சிக்கல் இன்னும் பெரிதாகும்.

சார், உங்கள் வேப்பமரமே பதிலைச் சொல்லிவிட்டது. மரம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கும்? முப்பது மீட்டருக்குள் என்றால் இதுதான் விஷயம்: பக்கத்தில் இருக்கும் பொருளின் பிம்பம், நிலாவின் பிம்பம் விழும் இடத்தைவிடச் சற்று வெளியே தள்ளி விழும். எவ்வளவு வெளியே என்பதைக் குவியத்தூரத்தின் வர்க்கத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்துத் தெரிந்துகொள்ளலாம். 650 × 650 ÷ 30,000 என்றால் ஏறக்குறைய 14 மி.மீ. வெளியே. ஆக மரத்துக்கு உங்கள் போகஸர் போதுமான அளவு உள்ளே போகிறது. நிலாவுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மி.மீ. உள்ளே போக வேண்டும், அதற்குள் குழாய் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. லென்ஸும் நல்லது, டெலஸ்கோப்பும் நல்லது, உள்ளே போக இடம்தான் இல்லை.

ரெடியூசர் என்பது ஒரு குவிலென்ஸ். ஆடியிலிருந்து குவிந்துகொண்டே வரும் ஒளியை இது இன்னும் சீக்கிரமாகக் குவித்துவிடுகிறது. அதனால் குவியப்புள்ளி குழாய்ப் பக்கம் நெருங்கி வருகிறது, கேமராவும் அதைத் துரத்திக்கொண்டு உள்ளே போயாக வேண்டும். எவ்வளவு உள்ளே என்று கணக்குப் போட ரெடியூசரின் சொந்தக் குவியத்தூரம் தெரிய வேண்டும். இரவில் வீட்டுச் சுவரில் தூரத்துத் தெருவிளக்கின் பிம்பத்தை அந்த லென்ஸால் விழவைத்து, பிம்பம் கூர்மையாக இருக்கும்போது சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். சூரியனைக் கொண்டு அளக்க வேண்டாம், கையோ பேப்பரோ பொசுங்கும். கூடவே, ரெடியூசர் இல்லாமல் நிலாவை ஃபோகஸ் செய்து, அந்த நிலையில் குழாய் இன்னும் எத்தனை மி.மீ. உள்ளே போகும் என்பதையும் அளந்து இங்கே போடுங்கள்.

பாலக்கோடு_நிலா

டீச்சர், மரம் அடிக்கணக்கில் பார்த்தால் 30 மீட்டருக்கும் சற்றுக் குறைவுதான். லென்ஸின் குவியத்தூரம் 100 மி.மீ. வருகிறது. ரெடியூசர் இல்லாமல் நிலா ஃபோகஸ் ஆன இடத்திலிருந்து உள்ளே மிச்சம் 14 மி.மீ. கேமரா முகப்பிலிருந்து சென்சார் வரை 12.5 என்று கையேட்டில் இருக்கிறது, மூக்கு 27, ஆக லென்ஸிலிருந்து சென்சார் வரை தோராயமாக 40.

தேன்கனிக்கோட்டை டீச்சர்

அருமை, இனி எல்லாம் கூட்டல் கழித்தல்தான். எத்தனை மடங்கு குறையும் என்பது லென்ஸ் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பொறுத்தது அல்ல, இடைவெளியைப் பொறுத்தது. 1-லிருந்து (இடைவெளி ÷ லென்ஸின் குவியத்தூரம்) கழிக்க வேண்டும். உங்களுக்கு 1 − 40/100, அதாவது 0.6. "0.5" என்று விற்பதெல்லாம் 50 மி.மீ. இடைவெளிக்கு மட்டும் பொருந்தும்.

அடுத்து, உள்ளே போக வேண்டிய தூரம் = இடைவெளி × இடைவெளி ÷ (லென்ஸின் குவியத்தூரம் − இடைவெளி). 1600 ÷ 60, கிட்டத்தட்ட 27 மி.மீ. உங்களிடம் இருப்பது 14. பதின்மூன்று குறைகிறது. மரக்கணக்கும் இதோடு ஒத்துப்போவதைக் கவனியுங்கள்.

அரூர்த் தம்பி சொன்னபடி 50 வைத்தால் 2500 ÷ 50, ஐம்பது மி.மீ. உள்ளே போகணும். இடைவெளியைப் பத்து கூட்டினால் உள்ளே போக வேண்டியது இருபத்து மூன்று கூடுகிறது, அதனால்தான் வேண்டாம் என்றேன். எதிர்த்திசையில் போங்கள். இடைவெளி 31 என்றால் 961 ÷ 69, சரியாக 14. அதுதான் உங்கள் எல்லை, அங்கே 0.69 கிடைக்கும்.

அரூர் ஆந்தை

ஓ, அப்படியா. நான் அண்ணனோட ஷ்மிட் காசெக்ரெய்ன் வகை டெலஸ்கோப்பில் பார்த்ததை வைத்துச் சொன்னேன், அதில் எக்ஸ்டென்ஷன் போட்டால்தான் வேலை செய்தது. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் டீச்சர்?

தேன்கனிக்கோட்டை டீச்சர்

அதில் குமிழைத் திருப்பினால் முதன்மை ஆடியே முன்னும் பின்னும் நகரும். ஆடி சற்று நகர்ந்தாலே குவியம் பல மடங்கு தள்ளிப் போகும், அதனால் இடப்பற்றாக்குறை என்ற பேச்சே எழாது. நியூட்டோனியனில் போகஸர் குழாய் ஓடுகிற தூரம் மட்டும்தான் நம் கையில்.

ஓசூர் லேத்து

சார், இரண்டு வழி இருக்கு. ஒன்று, முதன்மை ஆடியையே 13–15 மி.மீ. மேலே தூக்கிவிடலாம். ஆடித் தாங்கியின் போல்ட்டுகளை நீளமானதாக மாற்றி, கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் போதும், குழாயில் ஓட்டை போடத் தேவையில்லை. எஃப்/5 என்பதால் 13 மி.மீ. தூக்கினால் ஒளியைப் போகஸர் பக்கம் திருப்பும் சாய்ந்த ஆடி இருக்கும் இடத்தில் ஒளிக்கூம்பு 2.6 மி.மீ. பெருக்கும், இந்தச் சின்ன சென்சாருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் ஐபீஸ் போட்டுப் பார்க்கும்போது போகஸரை அவ்வளவு வெளியே இழுக்கணும், சிலதுக்கு எக்ஸ்டென்ஷன் தேவைப்படும். ஒவ்வொரு முறையும் ஆடிகளை நேர்ப்படுத்தவும் வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மூக்கையே குட்டையாக்குவது. 27-க்குப் பதில் 15 மி.மீ. மூக்கு ஒன்றை அலுமினியத்தில் கடைந்தால் இடைவெளி 27.5 ஆகிவிடும். எங்கள் பக்கம் எந்த லேத்துப் பட்டறையிலும் அரை நாள் வேலை. நான் பள்ளி டெலஸ்கோப்பில் கை வைக்கச் சொல்ல மாட்டேன், இரண்டாவது வழிதான் நல்லது.

பாலக்கோடு_நிலா

பள்ளிச் சொத்து, இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது, போல்ட்டைக் கழற்றி ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். மூக்கைக் குட்டையாக்கலாம். ஆனால் அப்போது நிலா முழுதாக அடங்குமா?

தேன்கனிக்கோட்டை டீச்சர்

28 மி.மீ. இடைவெளி என்றே வைத்துக்கொள்வோம். 0.72 மடங்கு, குவியத்தூரம் 468 மி.மீ. ஆகிறது. உள்ளே போக வேண்டியது 784 ÷ 72, பதினொன்றுக்குள், உங்களிடம் 14 இருப்பதால் ஃபோகஸ் கட்டாயம் வரும்.

காட்சிப் பரப்பு: சென்சார் அளவை 3438-ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால் கலை அளவில் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) கிடைக்கும். இப்போது உங்களுக்கு 25 × 19 கலை. குட்டை மூக்கோடு 35 × 26. நிலாவின் விட்டம் 29-லிருந்து 33 கலை வரை மாறும். ஆக பௌர்ணமி நிலா அடங்காது, மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும். இரண்டு படமாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் பாதி நிலா முழுதாக அடங்கும், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோடு சென்சாரின் நீளப் பக்கத்தோடு போகும்படி கேமராவைச் சுழற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளபடி சொன்னால் பிள்ளைகளுக்குக் காட்ட பௌர்ணமியைவிட அதுதான் நல்ல நாள். பௌர்ணமியில் நிழலே இருக்காது, பள்ளமெல்லாம் தட்டையாகத் தெரியும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இதே ரெடியூசரை ஐபீஸில் மாட்டினால் கார்த்திகைக் கூட்டம் முழுதாகத் தெரியுமா?

தேன்கனிக்கோட்டை டீச்சர்

650 மி.மீ. நியூட்டோனியனில் ஐபீஸுக்கு ரெடியூசரே தேவையில்லை. 32 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் ஒன்று போட்டாலே 2.4 பாகை கிடைக்கிறது, கார்த்திகை இரண்டு பாகைக்குள் அடங்கிவிடும். அந்த ஐபீஸில் வெளிவரும் ஒளிக்கற்றை 32 ÷ 5, அதாவது 6.4 மி.மீ. கண்மணி இருட்டில் விரிவதே ஏழு மி.மீ. அளவுக்குத்தான், அதற்கு மேல் ஒடுக்கினால் வெளிச்சம் கண்ணுக்கு வெளியே வீணாகும்.

எஃப்/10, எட்டு இன்ச் காசெக்ரெய்ன் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது உண்மையில் பயன். குவியத்தூரம் 2032, அதே 32 மி.மீ. ஐபீஸில் 0.76 பாகைதான். 0.63 ரெடியூசர் போட்டால் 1.2 பாகை. அந்த ரெடியூசருக்குப் பின் முகத்திலிருந்து சென்சார் வரை 105 மி.மீ. இடைவெளி வேண்டும், டி-ரிங் (டெலஸ்கோப்போடு இணைக்கும் வளையம்) போட்ட டிஎஸ்எல்ஆர் கேமராவில் 55 வந்துவிடும், மீதி 50-க்கு ட்யூப். அரூர்த் தம்பி பார்த்தது இதுவாகத்தான் இருக்கும்.

ரெடியூசர் ஏதோ ஏழைகளுக்கான குறுக்குவழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லடாக் ஹன்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியில் இருக்கும் முக்கியக் கருவியே ஃபோகல் ரெடியூசர் வகைதான், அதனால்தான் அதில் 10 × 10 கலைப் பரப்பு கிடைக்கிறது. அந்தத் தொலைநோக்கியை இயக்குவதும் நம் ஓசூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹொஸ்கோட்டேயிலிருந்துதான்.

அரூர் ஆந்தை

இன்னொரு கேள்வி. 0.72 போட்டால் படம் பிரகாசமாகும் இல்லையா? நெபுலாவுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமே?

தேன்கனிக்கோட்டை டீச்சர்

எஃப்/5 எஃப்/3.6 ஆகிறது, ஒரு பிக்சலில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் ஆடி அதே 130 மி.மீ. தான், வானத்திலிருந்து வரும் ஒளி துளிகூடக் கூடவில்லை, அதையே சின்ன இடத்தில் நெருக்கி வைக்கிறோம். நெபுலாவுக்கு வைக்கலாம், ஓரத்து நட்சத்திரங்கள் மட்டும் வால் முளைத்தது மாதிரி இருக்கும். நியூட்டோனியனின் கோமா பிழையை இந்தச் சாதா ரெடியூசர் திருத்தாது. நிலாவில் அது கண்ணுக்குத் தெரியாது.

பாலக்கோடு_நிலா

மூக்கு வந்துவிட்டது. நேற்று வளர்பிறை தசமி, மேகமும் இல்லை. ஃபோகஸ் வந்தது, குழாய் இன்னும் மூன்று மி.மீ. உள்ளே போக இடம் மிச்சம் இருக்கிறது. பழைய படத்திலும் புதுப் படத்திலும் நிலாவின் டைக்கோ பள்ளத்திலிருந்து பிளேட்டோ பள்ளம் வரை உள்ள தூரத்தைப் பிக்சலில் அளந்து வகுத்தேன், 0.71 வந்தது. கேமராவைச் சுழற்றியதும் நிலா மேலிருந்து கீழ் வரை திரைக்குள் நின்றது, ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு இடமும் இருந்தது. டீச்சருக்கும் ஓசூர்க்காரருக்கும் நன்றி. ஒரே ஒரு தொல்லை, மூக்கு குட்டை என்பதால் போகஸர் திருகு சரியாகப் பிடிக்காமல் கேமரா லேசாகச் சாய்கிறது.

ஓசூர் லேத்து

அது எதிர்பார்த்ததுதான் சார். திருகு படும் இடத்தில் மெல்லிய பித்தளைப் பட்டை ஒன்றைச் சுற்றிவிடுங்கள், கேமரா வயரையும் குழாயோடு கட்டி வையுங்கள், அதன் கனம்தான் இழுக்கும். வேறு யாராவது கடையச் சொல்வதாக இருந்தால் பட்டறையில் இதைச் சொல்லுங்கள்: ரெடியூசர் பக்கம் உள்மரை எம்28.5, பிட்ச் 0.6. கேமரா பக்கம் சி-மவுண்ட் என்றால் 1 இன்ச் வெளிமரை, இன்ச்சுக்கு 32. வெளிவிட்டம் 31.7, இதில் கால் மி.மீ. கூடினாலும் போகஸருக்குள் நுழையாது. உள்பக்கம் மட்டும் கறுப்பு மேட் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள், பளபளப்பாக விட்டால் நிலா வெளிச்சம் உள்ளே பட்டுத் தெறித்து படம் வெளுத்துவிடும்.