மறு: பிரீலோடு – ‘முன்சுமை’ என்றே முடித்துவிடலாமா?

நண்பர்களே,

வெள்ளிக்கிழமை துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும், அதனால் நேராகவே சொல்கிறேன். வண்டியின் எடை ஏறும் முன்பே ஷாக் அப்சார்பரின் சுருள்வில்லை (ஸ்பிரிங்கை) சற்று அமுக்கி வைப்பதுதான் பிரீலோடு (preload). அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் பலர் சொன்ன ‘முன்சுமை’ எனக்கு ஒப்பவில்லை. முற்பகல், முற்காலம் போல ‘முற்சுமை’ என்றுதான் புணரும் என்று குழுவில் சித்தூர் ஐயா எழுதியது சரி. ஆனால் எப்படிப் புணர்ந்தாலும் காரில் ‘முன்’ என்றால் முன்சக்கரம்தான். பின்பக்க ஷாக்குக்கு ‘பின் முன்சுமை 5 மி.மீ.’ என்று அச்சடித்தால், செங்கோட்டை ஒர்க்‌ஷாப்பில் அதைத் திருகும் சி-ஸ்பேனரோடு நிற்கும் தம்பி எந்தப் பக்கம் போவான்?

அடுத்த பரிந்துரையான ‘நாணேற்றம்’ அழகான சொல். அம்பு தொடுக்கும் முன்பே நாண் பூட்டிய வில்லில் விசை ஏறியிருக்கிறது, வண்டியின் எடை உட்காரும் முன்பே சுருள்வில்லில் இருப்பதும் அதுதான். குறளின் ‘வில்வணக்கம்’ வரை போய் இரண்டு இரவு யோசித்தேன். ஆனாலும் இதில் நாண் எங்கே என்று மாணவன் கேட்டால் அதை விளக்கவே தனி வகுப்பு வேண்டும்.

கேரள எல்லையிலுள்ள புளியரைக்கு அப்பாலிருந்து வரும் மாணவர்கள் ‘முறுக்கம்’ என்கிறார்கள், மலையாளத்தில் அது இறுக்கம். நமக்கு முறுக்குவது கயிற்றையும் கம்பியையும், அது வேறு விசை. அப்புறம், போன வாரம் நானே சொன்ன ‘இறுக்கம்’, அதையும் திரும்பப் பெறுகிறேன். ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையமான காலரை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று ஏற்கெனவே பலர் நம்புகிறார்கள், அந்தச் சொல் அதை உறுதிப்படுத்திவிடும். ஒரு மி.மீ. அமுங்க 6 கிலோ கேட்கும் ஸ்பிரிங் எப்போதும் 6 கிலோதான் கேட்கும். 5 மி.மீ. அமுக்கி வைத்தால் முதல் 30 கிலோவுக்கு அது அசையாது, அவ்வளவே. தெருவில் ஓட்டும் வண்டிக்கு, சக்கரம் தொங்கும்போது கையால் ஆட்டினால் ஸ்பிரிங் ஆடாத அளவுக்குக் காலரை ஏற்றி, அதற்கு மேலும் சில மி.மீ. கொடுத்து, காலர் நகராமல் பிடிக்கும் லாக் நட்டைப் பூட்டினால் போதும். மிகுந்தால் குழி வரும்போது சக்கரம் கீழே இறங்க இடம் இராது, ஆரியங்காவு மலைப்பாதையில் அது உடனே தெரியும்.

நாம் அளப்பது நீளத்தை, சுமையை அல்ல. அதனால் ‘முதலமுக்கம்’ என்கிறேன். ‘பின் முதலமுக்கம் 5 மி.மீ.’ என்று படித்துப் பாருங்கள், தடுமாற்றம் இல்லை.

‘பிரீலோடு’ என்றே விடு, யாருக்கும் புரியும் என்கிற பாலக்காட்டு நண்பருக்காக துண்டறிக்கையில் சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் அதையும் சேர்த்து எழுதுகிறேன். நம் கலைச்சொல் பட்டியலில் பெரும்பான்மைப்படி ‘முன்சுமை’ ஏறட்டும், சரி. என் மறுப்பையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.